இரண்டாம் ஜன்னலின் எட்டு விநாடி

என் நாத்தனார் மீது எனக்கு வெகுநாளாகவே ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அதற்கு ஆதாரம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அது கிடைத்தது. ஆதாரம் கிடைத்ததும் எனக்கு வந்தது வருத்தமல்ல, ஒருவித நிம்மதி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்ததாக இருக்கக் கூடாது.

நான் கணினி நிரல் எழுதுகிறவள். எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தேன். என் கணவரின் தங்கை அங்கே பதினோரு வருடமாக எழுத்தர். இரண்டாம் ஜன்னல் அவளுடையது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், எங்களோடுதான் இருக்கிறாள். அங்கே இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குச் சொன்னதே அவள்தான்.

வேலை இதுதான். ஆறாயிரம் நடப்புக் கோப்புகள் எண் வரிசையில் கிடங்குக் கணினியில் இருந்தன. ஜன்னலில் உள்ள கணினிக்கும் அதற்கும் நடுவே ஓடிய இணைப்பு அரதப் பழசு. ஒரு எண்ணைத் தட்டினால், "இந்தக் கோப்பா? இதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகும். நடுக்கோப்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டு, பதின்மூன்று கேள்வியில் கோப்பைப் பிடித்துவிடலாம். ஆறரை விநாடி. வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது ஆறரை விநாடி சின்ன விஷயமல்ல.

ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டாகக் கிளை பிரியும் இந்த அமைப்பை நாங்கள் மரம் என்போம்; முதலில் கேட்கப்படும் கோப்புதான் அதன் உச்சி. தினமும் கேட்கப்படும் கோப்பும் வருடத்துக்கு ஒரு முறை கேட்கப்படும் கோப்பும் ஒரே ஆழத்தில் கிடப்பது வீண். அடிக்கடி கேட்கப்படுவதை மேலே கொண்டுவர வேண்டும். ஆனால் வரிசை கலையக் கூடாது. முன்னால் உள்ளது இடது பக்கமும் பின்னால் உள்ளது வலது பக்கமும்தான் தொங்க வேண்டும். இந்த நிபந்தனைக்குள், எல்லாத் தேடல்களுக்கும் சேர்த்து மொத்தக் கேள்விகள் மிகக் குறைவாக வரும் மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

இதை ஒரு நாள் வீட்டில் சாப்பிடும்போது காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"வேர் மேல இருக்கு, கிளை கீழ தொங்குது," என்றாள் நாத்தனார். "எந்த ஊர்ல அண்ணி இப்படி மரம் முளைக்குது?"

"கம்ப்யூட்டர் ஊர்ல."

"அங்க பறவை எல்லாம் தலைகீழாத்தான் உக்காருமா?"

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள், இவள் எதையும் இப்படிச் சிரித்தே மழுப்பிவிடுவாள் என்று தோன்றியது. எனக்கு அப்போதே அவள் மீது அப்படி ஒரு கண் இருந்தது. வேலை ஒன்பது மணிக்கு. அவள் எட்டுக்கே கிளம்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்றும் காலையில் ஒரு மணி நேரம் எங்கேயோ போய்விட்டு வருவாள். கேட்டால் "சின்ன வேலை அண்ணி" என்பாள். போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

மரம் கட்டுவதற்கு மூன்று மாதத் தேடல் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு கோப்பும் எத்தனை முறை தேடப்பட்டது என்று அட்டவணை போட்டேன். சில நோயாளிகளின் கோப்பு இரண்டு, மூன்று பாகமாக, அடுத்தடுத்த எண்களில் இருக்கும். அவற்றை முதல் பாகத்தோடு சேர்த்து எண்ணினேன். பிறகு கணக்கு. அடுத்தடுத்த கோப்புகள் கொண்ட சின்னத் தொடரிலிருந்து பெரிய தொடர் வரை, ஒவ்வொரு தொடருக்கும் எந்தக் கோப்பைத் தலையாக, அதாவது முதல் கேள்வியாக, வைத்தால் நல்லது என்று பார்க்க வேண்டும். எல்லாக் கோப்பையும் தலையாக வைத்து வைத்துப் பார்த்தால் அந்தக் கிழட்டுக் கணினிக்கு ஒரு முழு நாள் போதாது. ஆனால் அதில் ஒரு அழகான விஷயம் உண்டு. ஒரு தொடரின் வலது ஓரத்தில் இன்னொரு கோப்பைச் சேர்த்தால், அதன் தலை நின்ற இடத்திலேயே நிற்கலாம், அல்லது வலது பக்கம் நகரலாம். இடது பக்கம் போக வேண்டிய அவசியம் ஒருபோதும் வராது. இடது ஓரத்தில் சேர்த்தால் இதற்கு நேர்மாறு. ஆகவே பெரிய தொடரின் தலையை, அதைவிட ஒன்று குறைந்த இரண்டு தொடர்களின் தலைகளுக்கு நடுவே தேடினால் போதும். நாள் முழுக்க ஓட வேண்டிய கணக்கு நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, மரத்தின் உச்சியில் 4471 இருந்தது.

சாதாரணக் கோப்பு மூன்று மாதத்தில் ஏழெட்டு முறை தேடப்படும். 4471 தேடப்பட்டது நானூற்றுப் பன்னிரண்டு முறை. விட்டு விட்டு ஒன்பதாயிரம் வரை போகும் எண்களில் நடுவாக்கில் இருந்ததால் அது நேராக உச்சிக்கே ஏறிவிட்டது. யார் தேடினார்கள் என்று பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்று ஐந்து இரண்டாம் ஜன்னலிலிருந்து. காலை எட்டே காலுக்கு ஒன்று. மாலை ஐந்துக்கு ஒன்று. நடுவில் நேரம் காலமில்லாமல் இரண்டு, மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

4471 ஒரு பெண்ணின் கோப்பு. கணவன் கையால் அடிபட்டு வந்தவள். அவள் எந்த வார்டில் இருக்கிறாள், அடுத்து எங்கே அனுப்பப்படுவாள் என்பது வெளியே தெரியக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு இருந்தது. போன வாரம் அந்தக் கணவன் மருத்துவமனை வாசலில் வந்து நின்று, காவலாளியோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

 அட்டவணையை அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனேன்.

மேலாளரை அங்கே எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். தப்பே இல்லாத காகிதத்திலும் ஒரு தப்பைக் கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அட்டவணையை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தார்.

"இரண்டாம் ஜன்னல் யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல மேடம்?"

"தெரியும் சார். என் நாத்தனார்."

"தெரிஞ்சும் கொண்டு வந்தீங்க பாருங்க. அதைப் பாராட்டுறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. அது வரைக்கும் வீட்டுல ஒரு வார்த்தை விடக் கூடாது. உஷாராயிட்டா தடயத்தை அழிச்சுடுவாங்க. நிரூபணம் ஆச்சுன்னா வேலை போறது மட்டுமில்ல, போலீசுக்கும் எழுதணும். உங்க கணக்குல சந்தேகம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்," என்றேன்.

அந்த "இல்லை"யைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தோம். நாத்தனாருக்குப் போன் வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள். காய்ந்த துணி எடுக்கும் சாக்கில் நானும் ஏறினேன். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னைக்கும் இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள், குரலைத் தாழ்த்தி. "ஆமா, நானே பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்க பயப்படாதீங்க."

துணி எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.  அந்தக் கணவனோடு பேசுகிறாளா? அவனுடைய ஆளோடா? இத்தனை வருடம் ஒரே தட்டு, ஒரே குழாய்த் தண்ணீர், இவளா? தினமும் பார்த்த முகம் ஒரு படி இறங்குவதற்குள் அந்நிய முகமாகிவிட்டது. அவள் கீழே வந்து, "துணி எடுக்க வந்தீங்களே, அப்படியே போயிட்டீங்க? நான் எடுத்துட்டேன்," என்று ஒரு கை நிறையத் துணியைக் கட்டிலில் போட்டாள். என் புடவையை மடித்து மேலே வைத்தாள். அதைக்கூட, நான் எதைக் கேட்டேன் என்று நோட்டம் பார்க்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போனதும் கணவரிடம் சொன்னேன். சொல்லக் கூடாதுதான், அடக்க முடியவில்லை.

 "அவளா? தண்ணியில எறும்பு விழுந்தா ஸ்பூன் எடுத்துட்டு ஓடுறவ அவ," என்றார்.

"நான் சொல்லலைங்க. கணக்கு சொல்லுது."

"கணக்கு சரி. நீ அவகிட்ட கேட்டியா?"

"கேக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

"நீ மேனேஜர் வீட்டுலயா சாப்பிடுற?"

எனக்குக் கோபம் வந்தது. தங்கை என்றால் இவருக்குக் கண் தெரியாது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். அன்று பிரார்த்தனை செய்தேனா என்றால், செய்தேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்று என்று கடவுளிடம் கேட்டேன். நாத்தனாருக்காக எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை புது மரம் எல்லா ஜன்னல்களிலும் வேலைக்கு வந்தது. விசாரணை வேறு, வரிசையில் நிற்கும் சனம் வேறு என்று மேலாளர் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் ஒன்றாம் ஜன்னல்காரர் வந்து கை கொடுத்தார். ஆறரை விநாடி நாலரை ஆகியிருந்தது. மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மாள், "இனிமே எனக்கு மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்கும்," என்றாள்.

சாயங்காலம் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் நாத்தனார் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா அண்ணி?"

"என்ன?"

"எல்லாருக்கும் வேகமாயிடுச்சுங்கறாங்க. எனக்கும் மத்ததெல்லாம் வேகமாத்தான் வருது. ஆனா ஒரு எண்ணு மட்டும் முன்னவிட மெதுவா இருக்கு. எட்டு செகண்டு. எண்ணிப் பாத்தேன். உங்க மரத்துக்கு நாத்தனார்னா ஆகாதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்த எண் என்று கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அவ்வளவு தைரியமாக என்னிடமே வந்து குறை சொல்கிறாள், என்னை ஆழம் பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

வியாழக்கிழமை காலை, விசாரணைக்குக் கொடுக்க இன்னும் ஒரு காகிதம் தயார் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். புது மரம் வந்த பிறகும் அவள் 4471-ஐத் தேடியிருப்பாள்; அந்த நேரங்களையும் சேர்த்துக் கொடுத்தால் வழக்கு பலமாகும். தேடியிருந்தாள். புதன் மட்டும் ஐந்து முறை. ஒவ்வொரு தேடலுக்கும் பக்கத்தில் ஆன நேரம் இருந்தது.

எட்டு விநாடி. எட்டு விநாடி. எட்டு விநாடி.

முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

4471 மரத்தின் உச்சியில் இருக்கிறது. அதைத் தேடினால் முதல் கேள்வியிலேயே கிடைத்துவிட வேண்டும். அரை விநாடி. அந்த மருத்துவமனையிலேயே மிக வேகமாகக் கிடைக்க வேண்டிய கோப்பு அதுதான். அது எப்படி எட்டு விநாடி ஆகும்? எட்டு விநாடி என்றால் பதினாறு கேள்வி. பதினாறு கேள்வி என்றால் மரத்தின் அடி மட்டம். அங்கே கோப்பே கிடையாது, வெற்றிடம்தான்.

மூல வரிகளைத் திறந்தேன். அட்டவணை போட்ட பிறகு நான் அவற்றைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவள் ஒரு முறைகூட 4471 என்று தட்டியிருக்கவில்லை. அத்தனை முறையும் தட்டியது 4473.

4473 என்று நடப்புக் கோப்பு எதுவும் இல்லை. 4471-க்கு அடுத்தது 4476. நடுவில் இருந்தவை எல்லாம் பழைய, முடிந்துபோன கோப்புகள். என்றோ நிலவறைக்குப் போய்விட்டன.

தப்பு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் எழுதிய ஒரே ஒரு வரி. கோப்பின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாவற்றையும் முதல் பாகத்தில் சேர்ப்பதற்காக, 'தட்டிய எண்ணில் கோப்பு இல்லையென்றால், அதற்கு முந்தைய கோப்பின் கணக்கில் சேர்' என்று எழுதியிருந்தேன். பாகங்கள் சரியாகச் சேர்ந்தன. கூடவே, இல்லாத எண்ணைத் தேடிய தேடல்களும் பக்கத்தில் இருந்த பாவப்பட்ட கோப்பின் தலையில் போய் விழுந்தன. கிடைக்காத தேடலும் ஒரு தேடல்தான், அதற்கும் இரண்டு கோப்புகளுக்கு நடுவே ஒரு இடம் ஒதுக்கி எண்ண வேண்டும் என்பது இந்தக் கணக்கின் அரிச்சுவடி. தேடினால் கிடைக்கும் என்பதை மட்டுமே நம்பி மரம் கட்டியிருந்தேன். 4473-ஐத் தேடினால், உச்சியில் 4471-ஐப் பார்த்து, வலது பக்கம் திரும்பி, அங்கிருந்து இடது, இடது, இடது என்று அடிவரை இறங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் முட்டி நிற்க வேண்டும். அதற்குத்தான் எட்டு விநாடி. அவளுக்கு மட்டும் மெதுவாக இருக்கிறது என்று அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

விசாரணைக்காக எழுத ஆரம்பித்திருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.   

இதற்குப் பிறகும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை என்று சொன்னால் என்னை என்ன நினைப்பீர்களோ தெரியாது. இல்லாத ஒரு எண்ணை நானூறு முறை ஏன் தேட வேண்டும்? மாடியில் போனில் யார்? அதையும் அவளிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அவள் கிளம்பிய அடுத்த பேருந்தில் நானும் போனேன்.

பதிவேட்டுப் பிரிவுக்குப் பின்னால் ஒரு நடைபாதை உண்டு. இரண்டாம் ஜன்னலின் பக்கவாட்டுக் கண்ணாடி அந்தப் பக்கம் திறக்கும். அங்கே ஒரு அம்மாள் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா. விரலில் ஊசி குத்தாமலிருக்கப் போடும் உலோகத் தொப்பி, கழற்ற மறந்திருந்தாள். உள்ளே நாத்தனார் கணினியைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் திரையைப் பார்க்கவில்லை. நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு விநாடி.

"இல்லம்மா," என்றாள் நாத்தனார். "இன்னைக்கும் இல்ல."

அந்த அம்மாள் மூச்சை விட்டாள். "நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டு, என்னைக் கடந்து வேகமாக நடந்து போனாள். கடை திறக்க நேரமாகிவிட்டது போல.

நாத்தனார் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு இது?" என்றேன்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்த அம்மா ரெண்டு தெரு தள்ளித் தையல் கடை வெச்சிருக்காங்க. ஒரே பையன். மோட்டார் சைக்கிள்ல பார்சல் கொண்டு போற வேலை. காத்து மாதிரி ஓட்டுவானாம். ஒன்பது மாசத்துக்கு முன்ன இவங்களோட சண்டை போட்டுட்டுப் போயிட்டான். இதே ஊர்லதான் எங்கயோ இருக்கான். போன் எடுக்க மாட்டேங்கறான். அடிபட்டா இங்கதானே கொண்டு வருவாங்க? சின்ன வயசுல இங்க பதிஞ்ச எண்ணு இருக்கு. சேர்த்தா அதே எண்ணு திரும்ப நடப்புக்கு வந்துடும். அது இருக்கான்னு பாக்கச் சொல்லுவாங்க. இல்லன்னா நிம்மதியாப் போயிடுவாங்க."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் அவன் வண்டி ஓட்ட மாட்டானா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பாத்திருக்க."

"ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நானா ஒரு தடவை பாத்துடுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு எப்படி அஞ்சு தடவைன்னு தெரியும்?"

அதற்குப் பதில் சொல்லாமல், "வரலன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே. தேடாமலே இல்லன்னு சொல்லிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"தேடாம எப்படி அண்ணி இல்லன்னு சொல்றது?" என்றாள், நான் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்டது போல. "அது பொய் இல்லையா?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, மேலாளர், பதினொரு மணி விசாரணை. மென்று முழுங்காமல் சொன்னேன்.  முடித்ததும், "திங்கக்கிழமையில இருந்து தெரியும் உங்களுக்கு," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது மணிக்கு வரிசையில் முதல் ஆளைக் கூப்பிட்டாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் அறையில் மூவரும் இருந்தோம். நான் உட்காராமலே பேசினேன். என் அட்டவணை தப்பு, இரண்டாம் ஜன்னலிலிருந்து ஒருவரும் 4471-ஐத் தேடவில்லை, தப்பு என்னுடையது என்று மூல வரிகளை அவர் முன் வைத்தேன்.

பூதக்கண்ணாடி வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து பக்கம். எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"சந்தேகம் இல்லன்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன் சார்."

"இதை உங்க ஒப்பந்தக் கோப்புல எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "சரி. 4473 யாரு? இல்லாத ஆளை நானூறு தடவை எதுக்குத் தேடுனீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவங்க அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சார் சொல்ல முடியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். பையன் அடிபட்டு வந்திருக்கானான்னு தினமும் கேக்கறாங்க, இல்லன்னு சொல்லுவேன். வெளியாளுக்கு ஜன்னல்ல தகவல் சொல்றது விதிப்படி தப்புதான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா அந்தப் பொண்ணோட கோப்பை நான் பாத்ததில்ல சார். பாக்கவே மாட்டேன்."

"அவ புருஷன் வாசல்ல வந்து நின்னானே?"

"இந்த ஊர்ல இருக்கறதே ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான்," என்றாள். "வேற எங்க சார் போய் நிப்பான்?"

 மேலாளர் மேசை மேல் இருந்த கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால், ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார். நாலு. நாலு. ஏழு. மூன்று.

நான் கட்டிய மரத்தில் ஒரு கேள்வி இறங்கத் தொடங்கியது. ஒரு விநாடி. இரண்டு. அன்று காலை மழை பெய்திருந்தது. சாலை முழுக்க ஈரம். வரும் வழியில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்கள் பேருந்தைத் தாண்டிப் போனது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நாலு. ஐந்து. நாத்தனாரின் கை நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்தது. முகம் தெரியாத அந்தப் பையனுக்காகக் கடவுளிடம் கேட்டேன். இந்த அறையில் இவ்வளவு நேரம் என் பெயரையும் ஒப்பந்தத்தையும் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அவை எங்கே போயின என்று தெரியவில்லை. ஆறு. ஏழு. பூதக்கண்ணாடியும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

திரை வெறுமையாக நின்றது. கீழே ஒரு வரி: கோப்பு இல்லை.

"இல்ல," என்றார் மேலாளர்.  "நல்லது."

பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "அந்த அம்மாவை இதை நிரப்பித் தரச் சொல்லுங்க. நெருங்கிய உறவுன்னு எழுதணும். ஒரு தடவை குடுத்தாப் போதும். அப்புறம் தினமும் கேக்கலாம், முன்பக்கமா வந்து கேக்கலாம். விதிப்படி இது இருக்கு. யாரும் கேட்டதில்ல." என் பக்கம் பார்த்தார். "எட்டு விநாடி ரொம்ப அதிகம் மேடம். ஏதாவது பண்ணுங்க."

அன்று மாலைக்குள் மரத்தைத் திரும்பக் கட்டினேன். இந்த முறை கோப்புகளோடு, கோப்புகளுக்கு நடுவே உள்ள காலி இடங்களையும் எண்ணினேன். 4471 தன் பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டது. இரண்டு கோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தக் காலி இடம், அதற்குரிய நானூறு சொச்சம் தேடல்களோடு, மேலே மேலே வந்தது. 'இல்லை' என்ற பதில் இப்போது மூன்று விநாடியில் வருகிறது.

வீட்டில் நிலைமை அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. நாத்தனார் என்னை "அண்ணி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, "மேடம், தண்ணி வேணுமா? மேடம், லைட்டை அணைக்கட்டுமா?" என்று ஆரம்பித்தாள். என் கணவர் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றாள். "வேற ஒண்ணுமில்ல. பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."  

அதற்கு அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்திருக்கவே முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, ஜன்னல் அறைச் சாவியைக் கொடுத்தாள்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வர்றீங்களா அண்ணி? போன் நம்பர் சாவியிலயே கட்டியிருக்கு. அவங்க காத்துட்டு இருப்பாங்க."

போனேன். விடுமுறை நாளில் அந்த அறை வேறு மாதிரி இருந்தது; நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்து 4473 என்று தட்டினேன். மூன்று விநாடி. கோப்பு இல்லை. சாவியில் கட்டியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

"இல்லம்மா," என்றேன். "இப்பத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கம் தையல் இயந்திரச் சத்தம் நின்றது. "நீ யாரும்மா? அந்தப் பொண்ணு எங்க?"

"நான் அவ அண்ணி. அவளுக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலா? எத்தனை நாளா? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"நேத்துல இருந்துதான். காட்டிடறோம்மா."

"அதை விட்டுட்டு நீ எதுக்கும்மா அங்க உக்காந்திருக்க?" என்றாள் தையல்காரம்மா. அவள் குரலில் நிஜமான கோபம் இருந்தது. "என் பையனைச் சாயங்காலம் பாத்துக்கலாம். நீ முதல்ல வீட்டுக்குப் போ."

கணினியை அணைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன்.